ஆற்றங்கரையை அடைப்பது ஆற்றைக் காப்பது ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். கழிவுநீர், குப்பை, கரை ஆக்கிரமிப்பு ஆகியவை குறித்துக் கட்டுரையாளர் எழுதியிருப்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஓரிடத்தில் அவர், இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஆறுகள் தூய்மையாக இருப்பதற்குக் காரணம் கரைகளுக்கு மக்கள் போகாதபடி அடைத்து வைத்திருப்பதே என்று பொருள்பட எழுதி, நாமும் அவ்வாறே வேலியிட வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்நாட்டின் வடமேற்கில் ஓர் ஆற்றின் அருகே இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசிப்பவன், அங்குள்ள தன்னார்வக் குழுவுடன் மாதம் ஒருமுறையாவது முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நிற்பவன் என்ற முறையில், அந்த வரியில் இரண்டு பிழைகள் இருப்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அங்குள்ள ஆறுகள் தூய்மையாக இல்லை என்பது ஒன்று. தேறியிருக்கும் அளவுக்கு அவை தேறியதில், மக்கள் கரைக்கு வந்ததற்குப் பெரும் பங்கு உண்டு என்பது மற்றொன்று.

முதற்பிழையைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன். 2020-இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டு ஆறுகளில் நல்ல சூழலியல் நிலையில் இருந்தவை 14 விழுக்காடு மட்டுமே. வேதியியல் நிலையில் தேறிய ஆறு ஒன்றுகூட இல்லை. பெருமழையின்போது சாக்கடைக் குழாய்கள் பின்னோக்கி வீடுகளுக்குள் நிரம்பாமல் இருக்க, மழைநீரும் கழிவுநீரும் கலந்ததை நேராக ஆற்றில் திறந்துவிடும் போக்கிகள் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றிலிருந்து 2023-ஆம் ஆண்டில் மட்டும் மொத்தம் 36 இலட்சம் மணி நேரம் கழிவுநீர் வெளியேறியதாக அதிகாரப்பூர்வக் கணக்கே சொல்கிறது. வயல்களிலிருந்து வழியும் உரமும் கால்நடைக் கழிவும் தனி. இந்த நிலையிலுள்ள ஒரு நாட்டை முன்மாதிரியாகக் காட்டுவது, காட்டப்படும் நாட்டவருக்கே வியப்பாக இருக்கும்.

இரண்டாவது பிழைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கிலாந்தில் நிலம் பெரும்பாலும் தனியார் உடைமை. மக்களை நிலத்திலிருந்து விலக்கி வைப்பது அங்கே புதிய பாதுகாப்பு உத்தி அன்று; அது நெடுங்கால வழக்கம். செல்வந்தர்கள் சுட்டு வேட்டையாடும் பறவைகளுக்காகப் பூட்டி வைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தின் மீது, 1932 ஏப்ரல் 24 அன்று, ஹேஃபீல்டு என்ற சிற்றூரிலிருந்து சில நூறு தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். அவர்களில் ஐவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற அணுகலுக்குமான சட்டம் வந்ததற்குப் பின்னால் அத்தகைய போராட்டங்களின் அழுத்தம் இருந்தது. அந்தச் சட்டத்தின்கீழ், எந்த ஒற்றையடிப் பாதையில் பொதுமக்களுக்கு நடக்க உரிமை உண்டு என்பதை ஊர்தோறும் கணக்கெடுத்து வரைபடத்தில் பதிந்தார்கள். பல இடங்களில் ஊர்மன்ற உறுப்பினர்களே நடந்து பார்த்துக் குறித்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இன்று ஏறத்தாழ 2,25,000 கி.மீ. நீளத்துக்கு இத்தகைய பாதைகள் பதிவாகியுள்ளன. ஒரு பாதையில் பொதுமக்கள் ஒளிவுமறைவின்றி, வன்முறையின்றி, எவரிடமும் இசைவு கேட்காமல் இருபது ஆண்டுகள் தொடர்ந்து நடந்து வந்து, அந்தக் காலத்தில் நிலத்துக்குரியவர் மறுப்புத் தெரிவிக்காமலும் இருந்தால், அது பொதுப்பாதை ஆகிவிட்டதாகவே 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் கருதுகிறது. நடந்த கால்களே சாட்சியாக நிற்கும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடித்தமானது.

ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. கட்டுரையாளர் பார்த்தது ஒருவேளை அந்தக் குறையாகவே இருக்கலாம். 2000-ஆம் ஆண்டில் வந்த சட்டம், பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமையை மலை, மேட்டுப் புல்வெளி, புதர்நிலம், பதிவான பொதுநிலம் ஆகியவற்றுக்கு மட்டுமே தந்தது. ஆற்றங்கரைகளும் வெள்ளச் சமவெளிகளும் அதில் சேரவில்லை. ஆற்றில் படகு செலுத்துவதற்கு ஐயத்துக்கிடமற்ற உரிமை இருப்பது இங்கிலாந்தின் ஆறுகளில் 3 விழுக்காட்டு நீளத்தில் மட்டுமே என்று, பொதுமக்கள் சென்றுவரும் உரிமைக்காகப் போராடும் அணுகல் இயக்கத்தினர் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆகவே வாகனம் வைத்திருப்பவர் இரண்டு மணி நேரம் ஓட்டிச் சென்று மலையேறலாம். தன் தெருவுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் கரையில் கால் வைக்க ஒருவருக்கு வழி இல்லாமல் போகலாம். தொழில் நகரங்கள் எல்லாம் பள்ளத்தாக்குகளில் எழுந்தவை. அங்குள்ள எளிய மக்களுக்குப் பேருந்துச் செலவில்லாமல் கிடைக்கக்கூடிய ஒரே நாட்டுப்புறம் அந்த ஆற்றங்கரைதான். அணுகலைக் குறைப்பது என்று பேசும்போது முதலில் எவருடைய அணுகல் குறைகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஓடும் மெர்சி ஆற்றின் கதை இந்த இடத்தில் பொருந்தும். ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் சேர்ந்து ஐரோப்பாவின் மிக மோசமான ஆறுகளில் ஒன்று என்று பெயரெடுத்திருந்த அந்த ஆற்றை மீட்க 1985-இல் ஓர் இயக்கம் தொடங்கியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு என்று கால வரையறை வைத்துத் தொடங்கி, 2010-இல் சொன்னபடி முடித்துக்கொண்டார்கள். இடையில் 1999-இல் முதலாவது உலக ஆற்று விருதும் அதற்குக் கிடைத்தது. பணத்தில் பெரும்பகுதி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போனது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாதை போட்டதால் மட்டும் தண்ணீர் தெளிந்துவிடாது. ஆனால் அந்த இயக்கம் நீரின் தரத்தையும் கரையோரத்தின் மறுவாழ்வையும் ஒன்றுக்கொன்று உதவும் வேலைகளாகவே எடுத்துக்கொண்டது. மான்செஸ்டரின் தெற்கே அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில் நடந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். நெடுஞ்சாலை மேட்டுக்குச் சரளைக்கல் தோண்டிய குழிகள் இன்று ஏரிகள். குளிர்காலத்தில் வாத்துகள் அங்கே வந்து இறங்குகின்றன. ஒரு காலத்தில் கழிவுநீர்ப் பண்ணையாக இருந்த சோர்ல்டன் ஈஸ் இன்று உள்ளூர் இயற்கைக் காப்பிடம். ஈஸ் என்பது ஆற்றோரப் புல்வெளிக்கான பழைய சொல். ஆக, பெயர் சுட்டிய பொருளுக்கே நிலம் திரும்பி வந்திருக்கிறது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் பொதுமக்கள் நடக்கிறார்கள்.

இனி, மக்கள் கரைக்கு வருவதால் ஆற்றுக்கு என்ன ஆதாயம் என்ற கேள்வி. எங்கள் குழு மாதந்தோறும் செய்யும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். நீண்ட பிடியுள்ள வலையை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டு, வலைக்கு முன்னால் உள்ள கூழாங்கற்களை மூன்று நிமிடம் காலால் கிளறிவிட வேண்டும். பிறகு ஒரு நிமிடம் கற்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் ஊற்றினால் முதலில் சேறும் சருகும்தான் தெரியும். சற்று நேரம் பொறுத்திருந்தால் சருகு என்று நினைத்தது நெளியத் தொடங்கும். மூன்று வாலுள்ள மே ஈயின் இளம்பருவம், மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்குக் கூடு செய்துகொண்ட இன்னொரு புழு, பக்கவாட்டில் சாய்ந்தே நீந்தும் சிறு நன்னீர் இறால் என்று எட்டு வகைகளை இனம்பிரித்து எண்ணி எழுதிக்கொள்கிறோம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை அதற்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும். நீரை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று சோதிப்பது அந்த நேரத்து நீரை மட்டுமே சொல்லும். நேற்றிரவு ஓடிப்போன நஞ்சை அது சொல்லாது. இந்தப் பூச்சிகளோ அங்கேயே மாதக்கணக்கில் வாழ்பவை; நஞ்சு வந்து போனதை அவற்றின் இன்மை சொல்லிவிடும்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு 2013 ஜூலையில் கென்னட் ஆற்றில் நடந்ததே சான்று. தேம்ஸுடன் கலக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் ஆற்றில், வழக்கமான கணக்கெடுப்புக்குச் சென்ற தன்னார்வலர்களின் தட்டில் பூச்சிகள் செத்துக் கிடந்தன. ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவுக்குச் சிற்றுயிர்கள் அழிந்துபோயிருந்தன. காரணம் குளோர்பைரிபாஸ் என்று தெரிய வந்தது. நம் உழவர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத பூச்சிமருந்துதான். இரண்டு தேக்கரண்டி அளவு அம்மருந்து யாரோ ஒருவரின் கழிவுநீர்க் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து ஆற்றுக்கு வந்திருந்தால் போதும் என்று கணித்தார்கள். அந்த ஆற்றுக்கு வேலி போட்டு யாரும் இறங்காதபடி செய்திருந்தால், நஞ்சு வேலிக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்காது. நாம் அறிந்திருக்க மாட்டோம் என்பது மட்டுமே வேறுபாடாக இருந்திருக்கும்.

வார்ஃப் ஆற்றங்கரையில் உள்ள இல்க்லி நகர மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கோடையில் அங்கே குழந்தைகள் ஆற்றில் இறங்கி விளையாடுவது வழக்கம். மேலே இருந்து கழிவுநீர் வருவதைக் கண்ட ஊர்மக்கள், தங்கள் ஆற்றுப் பகுதியை அதிகாரப்பூர்வக் குளியல் நீராக அறிவிக்குமாறு கோரினார்கள். அப்படி அறிவித்துவிட்டால் கோடை மாதங்கள் முழுவதும் மலக்கிருமிகளுக்கான சோதனையை அரசே நடத்தி முடிவை வெளியிட்டாக வேண்டும். 2020 இறுதியில் அறிவிப்பு வந்தது. இங்கிலாந்தில் ஓர் ஆறு அந்தத் தகுதியைப் பெற்றது அதுவே முதல்முறை. மறுஆண்டு முதல் தொடர்ந்து 'மோசம்' என்ற தரமே கிடைத்து வந்தது. அவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். மோசம் என்று அரசு தன் கையால் எழுதித் தந்த பிறகு, அதைச் சரிசெய்ய முதலீடு கேட்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை அல்லவா? இந்த வழி திறந்ததற்கு ஒரே காரணம், அங்கே மக்கள் ஆற்றில் குளிக்கிறார்கள் என்பது. குளிக்காத ஆற்றுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆற்றில் ஒரு வளைவுக்குப் போகும் பாதையின் கதவை, காட்டுயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் எழுதித் தொங்கவிட்டு, அந்த நிலத்துக்குப் பொறுப்பானவர்கள் பூட்டிவிட்டார்கள். பதிவான பொதுப்பாதை அன்று என்பதால் நாங்கள் எதுவும் செய்ய முடியவில்லை. மூன்றாம் கோடையில் பூட்டு அகன்றபோது உள்ளே சென்று பார்த்தோம். இமயப் பால்சம் என்னும் செடி எங்கள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. 1839-இல் அழகுக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட இச்செடி நம் காசித்தும்பையின் நெருங்கிய உறவு. முற்றிய காயைத் தொட்டால் படீரென்று வெடித்து விதை தெறிப்பதைச் சிறுவயதில் செய்து பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. இதன் விதை ஏழு மீட்டர் வரை தெறிக்கும். தண்ணீரில் விழுந்தால் அடுத்த ஊருக்குப் போகும். கரை முழுவதையும் இது மூடிக்கொண்டால் கீழே புல் வளராது. ஒருபருவச் செடி என்பதால் பனிக்காலத்தில் மடிந்துபோய், வேர்ப்பிடிப்பில்லாத வெறும் மண்ணை வெள்ளத்துக்கு விட்டுவிடும். பிடுங்குவதோ எளிது, வேர் ஆழம் இல்லை. ஒரு குழந்தைகூட இழுத்துவிடலாம். காய் முற்றுவதற்கு முன், இரண்டு மூன்று கோடைகள் விடாமல் பிடுங்கினால் ஓர் இடத்தில் ஒழிந்துவிடும். ஆனால் பிடுங்க ஆள் உள்ளே போக வேண்டும். அந்தப் புதருக்குள் பதினேழு பழைய டயர்களும் கிடந்தன. பூட்டிய கதவு நடப்பவர்களைத் தடுத்திருந்தது. இரவில் வண்டியில் கொண்டுவந்து கொட்டியவர்களை அது தடுக்கவில்லை, அவர்களுக்குச் சாட்சி இல்லாத இடமாக அதை ஆக்கிக் கொடுத்திருந்தது.

மக்கள் வருவதால் கேடே இல்லை என்று நான் சொல்லவில்லை. சால்மன் மீன் இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் சரளைக்குள் முட்டையிடும். வசந்தம் வரை அந்தச் சரளையை மிதித்தால் முட்டை நசுங்கும். சரளைத் திட்டில் முட்டையிடும் சிறு பறவைகளின் முட்டைக்கும் கல்லுக்கும் வேறுபாடு தெரியாது. மண் கரையில் துளையிட்டுக் கூடு கட்டும் தகைவிலான்களுக்கு மேலே கூட்டமாக நின்றால் கரை சரியும். பாதை சேறானால் நடப்பவர் ஒதுங்கி ஒதுங்கி, ஒரு பாதை நான்காகி, புல்வெளி தேய்ந்துபோகும். கவனத்துக்கு வராத கேடுகளும் உண்டு: நாய்களுக்கு உண்ணி, தெள்ளுப்பூச்சி அண்டாமல் தடவும் மருந்துகளிலுள்ள பிப்ரோனில் என்ற நஞ்சு, சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த இங்கிலாந்து ஆறுகளின் நீர் மாதிரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. நாயைக் குளிப்பாட்டும் நீர் சாக்கடை வழியாகவும் வருகிறது, நாய் ஆற்றில் பாயும்போது அம்மருந்து நேராகவும் கரைகிறது. எங்கள் குழுவிலேயே நாய் வளர்ப்போர் பலர் என்பதால், இதைப் பேசத் தொடங்கிய கூட்டம் சற்றுக் கசப்பாகவே முடிந்தது.

இவற்றுக்கெல்லாம் தீர்வு உண்டு. ஆனால் அந்தத் தீர்வு ஆற்றின் முழு நீளத்துக்குமான வேலி அன்று. இந்தத் திட்டுக்கு இத்தனை மாதங்கள் போகாதீர்கள் என்று சொன்னால், எஞ்சிய மாதங்களில் போய்வர உரிமை உள்ளவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்; எப்போதுமே போகக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்த வேண்டுகோளில் அக்கறை வருவதில்லை. பாதையைக் கரையின் விளிம்பிலிருந்து சில மீட்டர் உள்ளே தள்ளிப் போட்டு, நீரைத் தொடுவதற்கு ஆங்காங்கே கல் பாவிய இறக்கங்களை மட்டும் வைத்தால், இடைப்பட்ட கரை முழுவதும் நாணலுக்கும் நீரெலிக்கும் கிடைக்கும். அப்படி உள்ளே தள்ளுவது நடப்பவருக்கும் நல்லது. ஆறு கரையை அரித்துப் பாதை நீரில் விழுந்தால், அதன் மேலிருந்த உரிமையும் கூடவே போய்விடும் நிலை அங்கே உண்டு. வேலி தேவைப்படும் இடமும் இருக்கிறது, அது மாட்டுக்கு. மந்தை முழுவதும் ஒரே இடத்தில் இறங்கி நீர் குடித்தால் ஒரு கோடையில் கரை சேறாகிவிடும். ஆகவே மாடு நுழைய முடியாத, ஆள் மட்டும் திரும்பி நுழையக்கூடிய கடவு வைத்த வேலியைத்தான் பல இடங்களில் உழவர்களும் நாங்களும் சேர்ந்து போட்டிருக்கிறோம். சக்கர நாற்காலியில் வருபவர்களும் நுழையும் அளவுக்கு அதை அகலமாக வைக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

தன்னார்வலர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள் என்று அரசு கைகழுவுவதையும் நான் ஏற்கவில்லை. ஆற்றையும் கரையையும் கவனிக்கவென்றே சம்பளம் வாங்கும் ஒரு காவலர் பள்ளத்தாக்கில் இருந்தால், கருவிகள் ஓரிடத்தில் இருக்கும், உழவரிடம் பேச ஒருவர் இருப்பார், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வர ஒருவர் இருப்பார். உள்ளாட்சிகள் செலவைக் குறைக்கும்போது முதலில் போகும் பணியிடங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பணியிடம் போன இரண்டாண்டுகளில் குழுக்கள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து கலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருபவர்களால் செவ்வாய்க்கிழமை சாய்ந்த மரத்தை அகற்ற முடியாது.

அடைப்பதற்கு மாறான ஏற்பாடு நடைமுறைக்கு ஒவ்வாது என்று கட்டுரையாளர் கருதினால், அண்டையிலேயே ஸ்காட்லாந்து இருக்கிறது. அங்கே 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலத்திலும் ஏரி, ஆறுகளிலும் செல்லும் உரிமையைத் தந்திருக்கிறது. உரிமையோடு கடமைகளும் ஒரு நெறிமுறையாக எழுதி வைக்கப்பட்டுள்ளன. கடமை தவறினால் உரிமை இல்லை. ஸ்வீடனில் இயற்கையை எல்லோரும் அணுகும் உரிமை 1994 முதல் அரசமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. இந்தியாவிலும், பியாஸ் ஆற்றின் போக்கைத் தன் விடுதிக்காகத் திருப்பிய ஒரு நிறுவனம் தொடர்பான வழக்கில், ஆறு போன்ற இயற்கை வளங்களை அரசு பொதுமக்களுக்காக அறங்காவலராக நின்று காக்கிறதே தவிர அவற்றின் உரிமையாளர் அன்று என்ற கோட்பாட்டை 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று, அந்நிறுவனத்துக்குத் தரப்பட்ட குத்தகையை நீக்கியது. அறங்காவலர் சொத்தைப் பூட்டி வைக்கலாம் என்று வாதிடுபவர், யாருக்காகப் பூட்டுகிறார் என்பதை அந்தத் தீர்ப்பின் முன்னால் விளக்க வேண்டியிருக்கும்.

கட்டுரையாளரின் அக்கறை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் முன்வைத்த மற்ற பரிந்துரைகளை, குறிப்பாகக் கழிவுநீர் வெளியேறும் இடங்களை எண்ணிப் பட்டியலிட வேண்டும் என்பதை, முழுமையாக வழிமொழிகிறேன். அந்தப் பட்டியலை எடுக்கக் கரையோரமாக நடந்துதான் ஆக வேண்டும். ஆகவே, இங்கிலாந்தில் கரைகளை அடைத்து ஆறுகளைத் தூய்மையாக வைத்திருக்கிறார்கள் என்ற அந்த வரியை மட்டுமாவது திருத்தி வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்